ஆயுத பூஜையன்று ஒழுகிய லாரி

வேண்டுதல் என் மனைவியுடையது. முழங்கால் வலியும் அவளுடையது. ஆகவே விமானம் ஏறியவன் நான். எங்கள் மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து பிழைத்து நடமாடத் தொடங்கியதும், மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்குப் பட்டு வஸ்திரம் சாத்துவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். "நீங்க சும்மாதானே இருக்கீங்க, போயிட்டு வாங்க" என்றாள். காலமெல்லாம் செம்பனை எண்ணெய் லாரி ஓட்டி ஓய்ந்தவனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது? உண்மையாக இருந்ததால் பெட்டியைக் கட்டினேன்.

திருச்சியில் நான் இறங்கியது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மலைக்கோட்டைக்குக் கீழே கடைத்தெருவில் பட்டு வாங்கப் போய்ப் படாத பாடு பட்டேன். ஒரு பக்கம் பொரி மூட்டை, மறுபக்கம் வெள்ளைப் பூசணிக் குவியல். பின்னால் வாழைக்கன்றுக் கட்டோடு வந்த சைக்கிள்காரர் இலையால் என் பிடரியைத் தடவிக்கொண்டே "ஓரமா போங்க சார், ஓரமா" என்றார். ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே போவதற்கு! கடைக்காரரோ நான் வாய் திறந்ததுமே "மலேசியாவா சார்?" என்று கேட்டுவிட்டுத் தலையணை போட்டு உட்கார வைத்தார். பட்டைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். பெருமாளுக்கு என்றதும் மடிப்பு கலையாத ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தார்.

ஸ்ரீரங்கத்தில் வரிசை நீளம்தான், ஆனால் யாரும் யாரையும் இடிக்கவில்லை. வஸ்திரத்தை ஒப்படைத்தேன், கண் குளிரச் சேவித்தேன், கையோடு மனைவிக்கு போன் போட்டேன். அவள் அழுதாள். உத்திர வீதியில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது கல்லாவில் இருந்த பெரியவர், "பெருமாள் சேவை ஆச்சா? தாயாரையும் சேவிச்சுட்டுப் போங்கோ, நவராத்திரி உற்சவம் நடக்கறது" என்றார். எங்கள் ஊரில் தேநீரை ஆகாயத்துக்கும் பூமிக்குமாக இழுத்து ஆற்றித் தருவார்கள். இங்கே ஆற்றுகிற வேலையை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். டபராவில் நான் ஆற்றிய அழகில் பாதி மேஜைக்குப் போனது. பெரியவர் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றச் சொன்னார்.

அங்கே இருக்கும்போதுதான் ராஜாமணி அக்கா போன் செய்தார். என் பெரியப்பா மகள், மருங்காபுரிக்காரர். "தம்பி, நாளைக்குக் காலைல கல்லணை ரோட்டு வழியா மீன் குஞ்சு ஏத்திக்கிட்டு வர்றோம். திருவானைக்காவல்ல நில்லு, கூட்டிக்கிட்டுப் போயிடறோம்" என்றார். மீன் குஞ்சா? மருங்காபுரியிலா? நான் பார்த்த மருங்காபுரியில் ஆட்டுக்கே தண்ணீர் தேட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை லாரி வந்தபோது நான் ஒரு நிமிடம் அதைக் கல்யாண வண்டி என்றே நினைத்தேன். முன்பக்கம் இரண்டு வாழைக்கன்றுகள், நடுவில் தொடை தடிமனுக்கு ஒரு சாமந்தி மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. ஓட்டி வந்தவன் அக்காவின் மகன் செந்தில், முப்பது தாண்டியவன். லாரி அவனுடையது, வயதில் அவனைவிடச் சற்றுத்தான் இளையது. "எப்டி மாமா இருக்கு நம்ம வண்டி? ரெண்டு நாளா உக்காந்து கழுவுனேன். எஞ்சின்லயே முகம் பாக்கலாம்" என்றான். விடியுமுன்னே வீட்டில் பூஜை போட்டு, பூசணி உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினார்களாம்.

வண்டியின் பின்பக்கம் ஈரச் சாக்குகளுக்கு அடியில் பாலித்தீன் பைகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர், மீதி ஆக்சிஜன், உள்ளே விரல் நுனி அளவுக் குஞ்சுகள். கட்லா, ரோகு என்றார் அக்கா. போகிற வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். இரண்டு வருடமாகக் கடலை காய்ந்துபோனதும் நிலத்தின் ஒரு மூலையில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறார். ஊரே சிரித்திருக்கிறது. இந்த வருடம் மழை வந்து அது முதல் தடவையாக நிரம்பியிருக்கிறது. கோடைக்குள் தண்ணீர் வற்றிவிடும். அதற்குள் மீன் வளர வேண்டும். மீன் குஞ்சுப் பண்ணையில் இதுதான் இந்தப் பருவத்துக்குக் கடைசிக் குஞ்சு.

"பொழுது சாயறதுக்குள்ள குட்டையில விட்ரணும்னு சொல்லி அனுப்பிச்சிருக்காங்க தம்பி. தாண்டுனா ஒண்ணும் மிஞ்சாது. இன்னிக்கு விட்டாத்தான், இல்லன்னா அந்தப் பள்ளத்தைப் பாத்துக்கிட்டு அடுத்த மழை வரைக்கும் உக்காந்திருக்கணும்" என்றார்.

காவிரிப் பாலத்தில் ஏறும்போது வலப்பக்கம் மலைக்கோட்டை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. நான் போட்டோ எடுக்கக் கையை நீட்டினேன். செந்தில் போட்டோவுக்குச் சிரிக்காமல் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நானும் போனை இறக்கிவிட்டு முள்ளைப் பார்த்தேன்.

"மாலைதான் மாமா. ரேடியேட்டருக்குக் காத்து போகல" என்றான். பாலம் தாண்டி ஓரங்கட்டினோம். மாலையையும் வாழைக்கன்றுகளையும் அவிழ்த்தோம். அக்கா அவற்றைத் தூக்கி எறிய விடாமல் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி சற்று ஆறியதும், துணியைச் சுற்றிப் பிடித்து மூடியைத் திறந்து பார்த்தால், தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. தரையிலோ ஒரு சொட்டு இல்லை. இருந்த குடிதண்ணீரை எல்லாம் ஊற்றிக் கிளப்பினோம். பொன்மலை வருவதற்குள் மறுபடியும் முள் ஏறிவிட்டது.

"டூல்ஸ் எடுடா, பாத்துடலாம்" என்றேன்.

செந்தில் தலையைச் சொறிந்தான். "ஸ்பானரெல்லாம் வீட்ல சாமிகிட்ட இருக்கு மாமா. பூஜையில வெச்சாச்சு."

ஆயுத பூஜையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு கிழட்டு லாரியை எடுத்துக்கொண்டு, மொத்த ஆயுதத்தையும் வாழை இலையில் படுக்க வைத்துவிட்டு வெளியூர் கிளம்புகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

பொன்மலையில் அன்று தெருவெல்லாம் திருவிழா. அன்று மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடும் ரயில்வே பணிமனையைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டுப் பாவாடை, மல்லிகைப் பூ, புதுச்சட்டை. ஒர்க்‌ஷாப்புகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கதவுகளில் மட்டும் சந்தனம் மணத்தது. ஒரே ஒரு கடையில் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. வாசலில் வெள்ளைத் தொப்பியோடு ஒரு பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு உயிர் வந்தது. பாய் கடையில் பூஜை இருக்காது பாருங்கள்!

குனிந்து உள்ளே பார்த்தேன். தலைவாழை இலை. அதன்மேல் ஸ்பானர்கள் சின்னதிலிருந்து பெரியதுவரை அடுக்கி, ஒவ்வொன்றிலும் குங்குமம். ஜாக்கிக்குத் தனியாக ஒரு மாலை. நடுவில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நம்ம கடையில வேலை பாக்குற பசங்க வெச்சது" என்றார் பாய். "தங்கராசுதான் மூத்தவன். லால்குடிக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருக்கான். விளக்கு அணையாமப் பாத்துக்கச் சொன்னான், அதான் எண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"கடை உங்களுதுதானே பாய்? நாலு ஸ்பானர் எடுத்துக் குடுங்க, அவசரம்" என்றேன்.

"கடை என்னோடதுதாங்க. பூஜை அவங்களோடது" என்றார். கோபமில்லை, மன்னிப்புக் கேட்கிற குரலுமில்லை. அதோடு பேச்சு முடிந்தது.

அக்கா அவரைக் கையைப் பிடிக்காத குறையாக லாரியின் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சாக்கை விலக்கிக் காட்டினார். பைக்குள் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாய் கொஞ்ச நேரம் பார்த்தார். "யா அல்லாஹ்! மொதல்ல இதுகள நெழல்ல எறக்குங்க" என்றார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டினார். "பாக்குறதுக்கு ஸ்பானர் எதுக்கு? கண்ணும் கையும் போதும்."

பைகளைக் கடையின் பக்கவாட்டில் இருந்த வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். பணிமனைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்றது. என்ன ஏது என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயடியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சாக்குகளில் ஊற்றினார். "நீங்க போங்கம்மா, நேரமாகுது" என்றார் அக்கா. "ரயில் எங்கக்கா ஓடிடப் போகுது?" என்று அந்தப் பெண் இன்னொரு குடத்துக்குக் கிளம்பினார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. நன்றாக இருக்க வேண்டும்.

இங்கே எஞ்சினுக்குமுன் எங்கள் மூவருக்கும் வாக்குவாதம். நான் வாட்டர் பம்ப் என்றேன். கிள்ளானில் என் வண்டி இரண்டு தடவை அப்படித்தான் படுத்தது. செந்தில் ஹெட் கேஸ்கெட் என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் தானே வெளிறிப்போனான். அது போயிருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். மீனை மறந்துவிட வேண்டியதுதான். பாய் ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தார். "ஆயில்ல தண்ணி கலந்து பால் மாதிரி ஆகல. கேஸ்கெட் இல்ல" என்றார். செந்தில் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு பாய் பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் விரலை விட்டு எடுத்தார். காய்ந்த விரல். "உங்க பம்பும் இல்லீங்க" என்று என்னிடம் அந்த விரலை நீட்டினார். நான் தொட்டுப் பார்த்துவிட்டு இருமினேன்.

எங்கோ ஒழுகுகிறது, தரைக்கு வருமுன்னே எஞ்சின் சூட்டில் ஆவியாகிறது. ஈரத் தடம் இருந்தால் பிடித்துவிடலாம். ஆனால் வண்டி முழுக்கப் பளபளவென்று துடைத்துக் கிடக்கிறது. ஒரு கறை இல்லை, ஒரு கோடு இல்லை.

"பவுடர் மாதிரி ஏதாவது வேணுமே" என்று பாய் சுற்றிலும் பார்த்தார்.

அக்கா இடுப்பிலிருந்த பையை அவிழ்த்தார். உள்ளே ஒரு பொட்டலம் திருநீறு. பாய் தயங்கினார். "சாமி துன்னூறுங்களே..."

"சாமிக்கு இப்ப அது வேணாம். கொட்டுங்க" என்றார் அக்கா.

ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, குழாய்கள்மீதும் மூட்டுகள்மீதும் திருநீறைத் தொட்டுத் தொட்டு அப்பினார் பாய். செந்தில் எஞ்சினைக் கிளப்பினான். விசிறிக் காற்றில் பாதித் திருநீறு பறந்து வந்து எங்கள் முகத்தில் அப்பியது. பாய் உட்பட எல்லோரும் பழனிக்குப் போய்வந்தவர்கள் மாதிரி நின்றோம். அக்கா சிரித்தே விட்டார், காலையிலிருந்து முதல் தடவையாக.

"முறுக்குப்பா, நல்லா முறுக்கு!" என்று பாய் கத்தினார். எஞ்சின் உறுமியது. அப்போது தெரிந்தது. தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே, கைக்கு எட்டாத மூலையில் ஒரு குட்டி ரப்பர் குழாய். அதன் முனையில் வெள்ளைத் திருநீற்றின் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு ஈரம், இறங்கி இறங்கி நீண்டது.

"புடிச்சாச்சு!" நான் கத்திய கத்தலில் தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றுவிட்டது.

பாய் செந்திலைக் கூப்பிட்டார். "இங்க கம்பி பிரஷ் போட்டியா?"

"போட்டேன் பாய். வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி கட்டிக் கெடந்துச்சு. மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சு எடுத்தேன். பூஜைக்கு..."

"போர் தண்ணிதானே ஊத்துவே?" செந்தில் தலையாட்டினான். "அந்த உப்புதாம்ப்பா கட்டியாகி வெடிப்ப அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. வருஷக்கணக்கா உன் வண்டிய ஓட்டுனதே அந்த அழுக்குதான். அதைப் போயி பூஜைன்னு சொரண்டி எடுத்திருக்கே."

குழாயின் முனை மட்டும்தான் வெடித்திருந்தது. கிளிப்பைத் தளர்த்தி, முனையை நறுக்கிவிட்டு, உள்ளே தள்ளி முடுக்கினால் ஊர் போய்ச் சேரலாம். எங்கள் ஊரிலாக இருந்தால் பட்டறைத் தவுக்கே, அதாவது முதலாளி, எல்லாக் குழாயையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தருவார். இங்கே ஒரே ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும். அது மூன்று எட்டு தள்ளி, நெற்றியில் குங்குமத்தோடு படுத்திருந்தது.

பாய் தங்கராசுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பைகளை ஒவ்வொன்றாக மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். பாயின் மனைவி கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து டீயும், அடுத்த வீட்டார் கொடுத்துவிட்ட பொரியும் சுண்டலும் கொண்டுவந்து வைத்தார். அக்கா தொடவில்லை. ஒரு பையில் குஞ்சுகள் பக்கவாட்டில் சாயத் தொடங்கியிருந்தன. எனக்கு ஆத்திரம் பொங்கியது. உள்ளே போய் அந்த ஸ்பானரை எடுத்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? எழுந்தே விட்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு தம்பி. அவரு அந்தப் பசங்களுக்குப் பதில் சொல்லணும்ல."

போன் அடித்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் குழந்தைகள் சத்தம், குக்கர் விசில். விஷயத்தைக் கேட்டதும் தங்கராசு, "ஏன் பாய், இதுக்கா இவ்ளோ நேரம் காத்துக் கெடந்தீங்க? உயிருங்க பாய்!" என்றார். பிறகு யோசித்தார். "அந்த அக்காவ ஒரு சூடம் காட்டச் சொல்லுங்க. பத்தாம் நம்பர மட்டும் எடுங்க. மத்தத அசைக்காதீங்க. வேலை முடிஞ்சதும் அதே எடத்துல, அதே பக்கமா வெச்சுருங்க."

அக்கா சூடம் ஏற்றிக் கும்பிட்டு, ஸ்பானரை இரண்டு கையாலும் எடுத்துப் பாயிடம் கொடுத்தார். குழாயை நறுக்கக் கத்தி? தெருவில் எல்லா வீட்டு அரிவாள்மனையும் அன்று பூஜையில். பாயின் மனைவி வெங்காயம் நறுக்கும் கத்தியைக் கழுவிக் கொண்டுவந்தார். அவ்வளவுதான், பாய் தலைகீழாகத் தொங்காத குறையாக உள்ளே கையை விட்டுத் தளர்த்தினார், நறுக்கினார், தள்ளினார், முடுக்கினார். முழங்கையில் சூடு பட்டு ஒரு தடவை "ஸ்ஸ்" என்றார். கேனிலிருந்து குடிதண்ணீரை ஊற்றி, குமிழி அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டார். மிச்சத் திருநீறைக் குழாயில் அப்பிவிட்டுக் காத்திருந்தோம். அது வெள்ளையாகவே இருந்தது. முள் பாதியில் நின்றது, ஏறவில்லை.

பணம் என்று நான் பையில் கைவிட்டதும், "இன்னிக்குக் கடை லீவுங்க" என்று துரத்தாத குறையாக வண்டியில் ஏற்றிவிட்டார். "போர் தண்ணி ஊத்தாதீங்க. வழியில நிக்காதீங்க. கெளம்புங்க, கெளம்புங்க."

விராலிமலை தாண்டும்வரை மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு போனோம். மருங்காபுரியில் வயல் வரப்பில் லாரி நின்றபோது சூரியன் செக்கச் சிவந்திருந்தது. பைகளை உடனே அவிழ்க்கவில்லை. குட்டையில் அப்படியே மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரக் காத்திருக்க வேண்டுமாம். சாய்ந்திருந்த அந்த ஒரு பை மொத்தமும் போய்விட்டது. மற்றவற்றை அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சரித்தார். குஞ்சுகள் செம்மண் தண்ணீரில் ஒரே நொடியில் மறைந்தன. உயிரோடு போனதா, கீழே போய் அடங்கியதா, யாருக்குத் தெரியும்? அன்றிரவு அக்கா போட்ட கம்பு தோசையும் கடலைச் சட்னியும் அமிர்தமாக இருந்திருக்க வேண்டும். எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள், விஜயதசமி காலை, குட்டையோரம் அக்கா தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் பிசைந்து தூவினார். தண்ணீர் அசையவில்லை. இன்னொரு கை தூவினார். ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மழை தூறுகிற மாதிரி குட்டை முழுக்க வட்டம் வட்டமாக எழும்பியது. அக்கா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். செந்தில் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி கழன்று விழுந்தது.

அன்று மாலை எனக்கு விமானம். பஸ் ஏறிய நான் பொன்மலையில் இறங்கி நேரே பாய் கடைக்கு நடந்தேன். உள்ளே பசங்கள் மறுபூஜையை முடித்து ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மெலிந்து உயரமாக இருந்தவர் தங்கராசு என்று குரலிலேயே தெரிந்தது. மீன் பிழைத்த கதையைச் சொல்ல வாயெடுத்தேன், போன் அடித்தது. அக்கா.

"தம்பி, பாய் கடைக்குப் போயிட்டியா? மாரியம்மன் கோயில்ல நிக்கிறேன். அவரு பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணலாம்னு வந்தேன். பூசாரி பேரு, நட்சத்திரம் கேக்குறாரு. நாள் பூரா கூட இருந்தோம், மனுசன் பேரைக் கேட்டமா நாம?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாய், பாய் என்றே ஒரு முழுப்பகலை ஓட்டியிருந்தோம். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"பேரு ஜமால் மைதீன்ங்க" என்றார் அவர் போனைப் பார்த்து. "நட்சத்திரமெல்லாம் எங்களுக்கு ஏதுங்க அக்கா?" பசங்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சற்று யோசித்துவிட்டு, "நேத்து நாம பழகுனோமே, அன்னிக்கு என்ன நட்சத்திரமோ அதையே சொல்லிடுங்க" என்றார்.

அந்தப் பக்கம் காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நேத்து உத்திராடம்" என்றார் பூசாரி. பிறகு மணியடிக்க ஆரம்பித்தது. "ஜமால் மைதீன், உத்திராட நட்சத்திரம், குடும்பத்தோட, கடை கண்ணியோட நல்லா இருக்கணும் தாயே..."

தங்கராசு கையிலிருந்த ஸ்பானரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். ஜமால் மைதீன் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அந்த மணி ஓயும்வரை என் போனுக்கு எதிரே நேராக நின்றார்.